ஒரே பிளேடு

இடது கன்னம் முடிவதற்குள் பலராமனின் பிளேடு மூன்று இடத்தில் ரத்தம் பார்த்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தவளக்குப்பத்திலிருந்து மகள் ஹேமலதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போன வீடு. இதுவும் போனால் மனைவி வசந்தாவின் வாயிலிருந்து தப்ப முடியாது.

"இன்னாங்க இது, கோழி அறுத்த மாதிரி?" என்று குளியலறை வாசலில் வந்து நின்றாள் வசந்தா.

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் தீட்டணும், அவ்ளோதான்."

"எதிர்க்கடையில ஒரு புது பிளேடு வாங்குனா குடியா முழுகிடும்?"

குடி முழுகாது, மானம் போகும். கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் பிளேடைப் படுக்க வைத்து விரலால் தேய்த்தால் கூர் திரும்பிவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்தவர், பல மாதமாக ஒரே பிளேடில் ஓட்டுவதாக ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். "இனிமே புது பிளேடு வாங்குனா என் மீசையை எடுத்துடறேன்" என்று தெருவே, ஏன் மூலக்குளம் ஊரே கேட்கச் சபதம் வேறு. "புதுசு மாதிரி மின்னுது பாரும்மா!" என்று அவ்வப்போது மகளிடம் காட்டுவார். அவளும் "ஆமாம்ப்பா" என்பாள். பிளேடும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்குப் பார்த்து இந்தச் சனியனுக்கு என்ன கேடு வந்தது?

டம்ளரில் மறுபடி போட்டுத் தேய்த்தார். பெல்ட்டில் தேய்த்தார். கன்னத்தில் வைத்தால் முடியை வெட்டாமல் பிடுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"போய் சலூன்லயாவது பண்ணிக்கிட்டு வாங்க."

"ஞாயித்துக்கிழமை. திருவிழாக் கூட்டம் நிக்கும். நீ போய் பஜ்ஜியைப் பாரு!"

முகத்தைத்தான் ஒப்பேற்ற முடியவில்லை, மீசையையாவது சீராக்கலாம் என்று இடது ஓரத்தில் பிளேடை வைத்தார். கை இடறியது. கால்வாசி மீசை போயிற்று. சமன் செய்ய வலது பக்கம் வைத்தார். அங்கே கொஞ்சம் கூடப் போயிற்று. மறுபடி இடது. குரங்கு அப்பம் பங்கிட்ட கதையாக, கடைசியில் மூக்குக்குக் கீழே ஈ உட்கார்ந்த அளவுக்குத்தான் மிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எடுத்துவிட்டார். வெட்டுக்காயத்தில் படிகாரம் வைத்தார், காந்தியது. செய்தித்தாளைக் கிழித்து ஒட்டினார்.

வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "வாங்காத பிளேடுக்கே மீசை போச்சே!"

வாசலில் கார் வந்து நின்றது.

பையனின் அப்பா கண்ணையன் கேட்டுக்குள் ஒரு கால் வைத்தவர், பலராமனின் மொட்டை உதட்டைப் பார்த்ததும் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"இன்னாங்க, வீட்டுல துக்கமா? காரியம் பண்ண கையோட பொண்ணு பாக்கக் கூப்ட்டீங்களே, சொல்லியிருந்தா தள்ளிப் போட்டிருப்போம்ல?" என்றபடி கார்க் கதவைத் திறந்தார். பின்சீட்டிலிருந்து இறங்கிய மனைவி தனக்கொடியும் மகன் பிரேம்குமாரும் திரும்ப ஏறப்போனார்கள்.

பலராமன் ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். மகள் கல்யாணத்தை விடவா மானம் பெரிது?

"ஐயோ, யாரும் சாவலீங்க! பழைய பிளேடைத் தீட்டித் தீட்டி ஷேவ் பண்ணுவேன். அதுல வந்த வினைங்க இது!"

கண்ணையன் நின்றார். "எதுல தீட்டுனீங்க?"

"கண்ணாடி டம்ளர்ல."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்."

கண்ணையனின் முகம் மலர்ந்தது. "நானும் அப்பிடித்தாங்க! ஒரு வருஷமா ஒரே பிளேடு. தொட்டுப் பாருங்க!" என்று கன்னத்தை நீட்டினார். பட்டுப்போல் இருந்தது.

பிறகென்ன, கேசரி வருவதற்குள் இருவரும் சம்பந்தி ஆகிவிட்டார்கள். பிரேம்குமார் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான், பெண்ணும் சிரித்தாள். பெரியவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

"உங்க கை அழுத்தம் ஜாஸ்தி சம்பந்தி. மெல்லத் தேய்க்கணும்" என்றார் கண்ணையன்.

"மெல்லத்தான் தேய்ச்சேன்!"

"வட்டமா தேய்ச்சிருப்பீங்க."

பலராமனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. அதே டம்ளர், அதே தேய்ப்பு. இந்த ஆளுக்கு மட்டும் எப்படிப் பட்டுக் கன்னம்? "இருங்க, டம்ளர் எடுத்துட்டு வரேன். நீங்களே தேய்ச்சுக் காட்டுங்க" என்று சமையலறைப் பக்கம் போனார்.

உள்ளே தனக்கொடி ஹேமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். பலராமன் வாசல் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"இப்பவே சொல்லிடறேம்மா. உங்க மாமாவோட பிளேடை வாராவாரம் அவருக்குத் தெரியாம நான்தான் மாத்தி வைக்கிறேன். எனக்கு முடியாதப்ப நீதான் பாத்துக்கணும்."

"அது எனக்குப் பழக்கம்தான் அத்தை. அப்பாவுக்கும் நான்தான் மாத்துவேன், நீங்க வர்ற பரபரப்புல இந்தத் தடவை மறந்துட்டேன்."