ஆறு வருஷ டயர்

இந்த வருஷம் நெப்ராஸ்கா போவதில்லை என்று ஆர்விட் டோலஃப்சன் ஆகஸ்ட் மாதத்திலேயே முடிவு கட்டிவிட்டார். அசைக்க முடியாத முடிவு. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மின்னசோட்டாவில் அரசாங்கத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஊரே போர்வைக்குள் கிடக்கும்போது எழுந்து ரோட்டைச் சுரண்டிச் சுரண்டி மனிதர் அலுத்துப்போய்விட்டார். இனி அவருக்கு வேண்டியது அதிகமில்லை. வீட்டுக்குப் பின்னால் ஏரி இருக்கிறது. ஏரியில் படகு இருக்கிறது. படகில் ஒரே ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது. அது அவராகவே இருந்துவிட்டால் வம்பில்லை.

செப்டம்பரில் தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் வாலாய் என்ற ஏரி மீன்கள் கரைப்பக்கம் வரும். சரியாக அந்த நேரம் பார்த்து மார்லிஸ் கேம்பரைக் கழுவ ஆரம்பிப்பாள். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளே அடக்கமாக வைத்த சக்கர வீடு அது. அதைப் பிக்கப் வண்டியின் பின்னால் கோத்து, நெப்ராஸ்காவில் அவள் தங்கை வெர்னாவின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிறகு மூன்று வாரம் அங்கேதான் வாசம்.

வெர்னாவால் தொந்தரவில்லை. வெர்னாவின் புருஷன் ஹார்லன்தான் தொந்தரவு. ஆர்விட்டின் சகலை, விதைச்சோளம் விற்றுப் பிழைத்தவர். மனிதர் தங்கம். ஆனால் பேசும் தங்கம். ஒரு காலத்தில் அவருக்கு முட்டி ஆபரேஷன் நடந்தது. டாக்டர் செய்ய எடுத்துக்கொண்ட நேரத்தைவிட, இவர் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். போன வருஷம் இன்னொரு முட்டியையும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மனிதனுக்கு ஆண்டவன் இரண்டு முட்டியோடு நிறுத்திக்கொண்டானே என்பதுதான் ஆர்விட்டுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

'நான் வரவில்லை' என்று மார்லிஸிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லும் ஆள் அந்த வீட்டில் யாரும் இல்லை. அவளால் மறுக்கவே முடியாத ஒரு காரணம் வேண்டியிருந்தது. கேம்பருக்கு அடியில் குனிந்தபோது அது கிடைத்தது.

"மார்லிஸ், இங்க வா. கேம்பர் டயர் சரியில்ல."

"போன வாரம் நாலையும் காலால உதைச்சுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்களே?"

"உதைச்சா டயருக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் கால் வலிச்சுது. பக்கவாட்டுல பாரு, கடைசியா நாலு எண்ணு இருக்கா? முதல் ரெண்டு எந்த வாரம் செஞ்சாங்கன்னு. அடுத்த ரெண்டு எந்த வருஷம்னு."

மார்லிஸ் உள்ளே போய் டார்ச் எடுத்து வந்தாள். மண்டியிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"ஏழு வருஷம் ஆயிருக்கே!"

"ஆச்சா? கேம்பர் டயர் ஓடித் தேயறது இல்ல. வெயில்ல நின்னு நின்னே உள்ளுக்குள்ள இத்துப்போயிடும். மேல பாத்தா பட்டை பட்டையா புதுசு மாதிரிதான் இருக்கும். நம்பிப் போனோம்னா நடு ரோட்டுல படார்!"

"ஐயையோ. அப்ப ஒரு டயர் எவ்வளவு நாள் தாங்கும்?"

"ஆறு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள்கூட நம்பக்கூடாது."

"ஆறு வருஷம் வரைக்கும் நம்பலாமா?"

"தரமான டயரா எடுத்து, காத்தும் சரியா வெச்சா, கண்ணை மூடிட்டு நம்பலாம்."

"நல்ல வேளை சொன்னீங்க. இதை நான் மறக்கவே மாட்டேன்" என்றாள் மார்லிஸ்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற மனிதனுக்குக் காதும் கண்ணும் கொஞ்சம் மந்தமாகிவிடும்.

"அப்ப நாளைக்கே லாயிட் கடையில புது டயர் வாங்கிடுங்க" என்றாள்.

"வாங்கத்தான் போறேன். ஆனா அவசரப்பட முடியாது. உயிர் விஷயம்."

அன்றிலிருந்து ஆர்விட் டயர் தேட ஆரம்பித்தார். தேடுவதில் அவர் காட்டிய சிரத்தையைப் பார்த்தால், கண்டுபிடித்துவிடப் போகிறோமே என்று பயந்த மாதிரி இருக்கும். டயர்க் கடை லாயிட் பாவம், நல்ல பொறுமைசாலி. அவரையே ஒரு கை பார்த்துவிட்டார்.

"இதை எடுத்துக்கங்க ஆர்விட். நல்ல டயர்."

"இது கார் டயர். கேம்பருக்குக் கேம்பர் டயர்தான் போடணும். பக்கச் சுவர் விறைப்பா இருக்கணும்."

"சரி, இது கேம்பர் டயர்தான்."

"பாரம் தாங்குற எழுத்து என்ன போட்டிருக்கு?"

"டி."

"ஈ வேணும்."

"இந்தாங்க, ஈ."

"செஞ்சு எவ்வளவு நாளாச்சு?"

"எட்டு மாசம்."

"பழசு."

லாயிட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கட்டிக்கிட்ட பொண்ணைக்கூட நீங்க இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டீங்க."

"அதனாலதான் டயரையாவது விசாரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆர்விட் வெளியே வந்தார்.

அடுத்து எடைப் பிரச்சினை வந்தது. கேம்பர் எவ்வளவு கனம் என்று தெரியாமல் டயர் எடுப்பது முட்டாள்தனம் என்றார். உண்மைதான், அதில் பொய் இல்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் அந்தத் திட்டத்தின் அழகு. போர்வை, பாத்திரம், தண்ணீர் எல்லாவற்றையும் மார்லிஸ் கேம்பருக்குள் ஏற்றினாள். ஊர்த் தானியக் கிடங்கில் சோள லாரிகளை நிறுக்கும் மேடையில் ஆர்விட் அதை ஏற்றி எடை போட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் அடுக்களையில் எட்டிப் பார்த்தார்.

"இரும்பு வாணலி இங்கயே இருக்கே?"

"அது ஒண்ணுதானே, மறந்துட்டேன்."

"ஒண்ணா? அதைத் தூக்கினா எனக்குத் தோள்பட்டை கழண்டு வருது. மறுபடி எடை போடணும்."

"ஏங்க, ஒரு நாள்கூட நம்பக்கூடாத டயர்லயா கிடங்குக்குப் போயிட்டு வந்தீங்க?"

"மெதுவாத்தான் போனேன்."

"அதே மாதிரி மெதுவா நெப்ராஸ்கா போயிடலாமே?"

"போலாம். கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேரலாம்."

கேம்பர் கதை முடிவதற்குள் பிக்கப் கதையைத் தொடங்கினார். "இழுக்கற வண்டி டயர் தொளதொளன்னு இருந்தா பின்னால வர்றது வாலாட்டும், மார்லிஸ். அதுக்கும் நாலு டயர் மாத்தணும்."

"முன்னால போறவர் சரியா இருந்தா பின்னால வர்றவ ஏன் வாலாட்டப் போறா?" என்றாள் அவள், ஆப்பிளை நறுக்கிக்கொண்டே.

இவ்வளவையும் யோசிக்க அமைதி வேண்டுமல்லவா? தினமும் காலையில் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார். மீன் நன்றாகவே கடித்தது.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் மார்லிஸ் திடீரென்று சொன்னாள். "அண்ணன் போனப்புறம் எனக்குன்னு மிச்சம் இருக்கறது வெர்னா ஒருத்திதான், ஆர்விட்."

அவருக்குச் சுருக்கென்றது. காப்பியைப் பார்த்தார். நல்ல மனிதர்தானே! அவர் மனசு எழுந்து நெப்ராஸ்கா வரைக்கும் போயிற்று. வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹார்லனைப் பார்த்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டது.

"உன் உயிரை வெச்சு என்னால விளையாட முடியாது, மார்லிஸ்" என்றார்.

"புரியுதுங்க. இந்த வருஷம் போக வேண்டாம். பாதுகாப்புதான் முக்கியம்."

அன்று ஆர்விட் தூங்கிய தூக்கத்தை அவர் உத்தியோக காலத்தில் ஒரு நாளும் தூங்கியதில்லை. அந்தச் சுகம் சனிக்கிழமை வரைக்கும் இருந்தது.

சனிக்கிழமை ஏரியிலிருந்து திரும்பியபோது வாசலில் நெப்ராஸ்கா நம்பர் போட்ட கார் நின்றது. வெர்னா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அத்தான், உங்களால வர முடியலைன்னா என்ன, நாங்க வரக்கூடாதா?"

காரின் மறுபக்கக் கதவு திறந்தது. முதலில் ஒரு முட்டி வெளியே வந்தது. பிறகு இன்னொரு முட்டி. கடைசியாக ஹார்லன்.

"சகலை! உங்களுக்கு ஒரு சிரமமும் வேண்டாம். கேம்பர்லயே தங்கிக்கறோம். அதான் எங்கயும் போகாதே!"

ஆர்விட் மனைவியைப் பார்த்தார். அவள் கேம்பருக்கு வெளுத்த படுக்கை விரிப்பு எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து படகில் இரண்டு ஆள். ஒருவர் தூண்டிலைப் பிடித்திருப்பார். மற்றவர் வலது முட்டியிலிருந்து ஆரம்பிப்பார். "மயக்க மருந்து குடுக்க வந்த அம்மா எங்க ஊர்க்காரி, சகலை. அவங்க அப்பாவுக்கு நான் விதை வித்திருக்கேன். என்ன விதைன்னு கேளுங்க." ஆர்விட் கேட்கவில்லை. ஹார்லன் சொன்னார். மீன்கள் ஏரியின் மறுகரைக்குப் போய்விட்டன. அவற்றுக்கு நீந்தத் தெரியும். ஆர்விட்டுக்குப் போக இடமில்லை.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு முட்டியும் முடிந்தன. அப்பாடா என்று அவர் மூச்சு விட்டபோது ஹார்லன் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"இடுப்பையும் மாத்தணும்னுட்டாரு டாக்டர். அது ஒரு பெரிய கதை."

ஆர்விட் தூண்டிலைக் கீழே வைத்தார். "எப்ப ஊருக்குக் கிளம்பறதா உத்தேசம், சகலை?"

"என்ன அவசரம்? கேம்பர் சும்மாத்தானே நிக்குது. ஏரி உறைஞ்சு, அது மேல உக்காந்து மீன் பிடிக்கறதை நான் பாத்ததே இல்ல. அதையும் பாத்துட்டுப் போறோம்."

இது அக்டோபர் தொடக்கம். ஏரி உறைய டிசம்பர் ஆகும். ஆர்விட் துடுப்பு இல்லாமலேயே கரைக்கு வந்திருப்பார், அவ்வளவு வேகம். ஒரு யோசனை உதித்துவிட்டது. பனிக்காலத்துக்கு ஊரில் எல்லோரும் கேம்பரைத் திருவிழாத் திடலின் கொட்டகையில் கொண்டுபோய்ப் பூட்டிவைப்பார்கள். கேம்பர் கொட்டகைக்குப் போனால் ஹார்லன் தன் ஊருக்குப் போயாக வேண்டும். அதற்கு ஒன்றே ஒன்றுதான் குறை. ஒரு நாள்கூட நம்பக்கூடாது என்று அவரே தீர்ப்புச் சொன்ன டயர்.

"லாயிட், டயர் குடு."

"எந்த டயர்?"

"எந்த டயரா இருந்தாலும் சரி. இன்னிக்கே மாட்டணும்."

லாயிட் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்கட்டிலிருந்து டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். கேம்பருக்கு நாலு, பிக்கப்புக்கு நாலு, ஸ்டெப்னி ஒன்று. எல்லாவற்றிலும் ஈ. எல்லாமே புதுசு. ஒவ்வொன்றிலும் டோலஃப்சன் என்று சாக்பீஸில் எழுதியிருந்தது.

"இது எப்போ வந்தது?"

"மார்லிஸ் அப்பவே சொல்லி வரவழைச்சு வெச்சாங்க. என்ன எழுத்து, எவ்வளவு எடைன்னு புட்டுப் புட்டு வெச்சாங்க. நீங்க ஒரு நாள் தலைதெறிக்க ஓடி வருவீங்களாம். அன்னிக்கு வாயைத் திறக்காம மாட்டி விடுங்கன்னாங்க."

நாம் நடத்திய பாடம் இவ்வளவு நன்றாக மனைவி மண்டையில் ஏறியிருக்கிறதே என்று ஆர்விட்டுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கு மேல் யோசிக்க அவருக்கு நேரமில்லை.

மதியத்துக்குள் லாயிட் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போனார். ஆர்விட் நட்டுகளை இறுக்கினார். காற்றை அளந்தார். பிக்கப்பைப் பின்னால் கொண்டுவந்து கேம்பரைக் கோத்தார். பிறகு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அறிவித்தார்.

"சகலை, மனசு கேக்கல. ஆனா பனிக்காலம் வருது. கேம்பரை இன்னிக்கே கொட்டகையில விட்டாகணும். உங்க பெட்டியை எடுத்துக் கார்ல வெச்சுடறீங்களா?"

"பெட்டி அங்கேயே இருக்கட்டும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மார்லிஸ் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். கையில் இரும்பு வாணலி.

"இந்தத் தடவை மறக்கல, பாத்தீங்களா?"

"எதுக்கு... கொட்டகைக்கு வாணலி எதுக்கு?"

"கொட்டகையா? எடை போட்டாச்சு. எழுத்து பாத்தாச்சு. இழுக்கற வண்டிக்கும் புது டயர், வாலாட்டாது. கொட்டகையில சும்மா நிறுத்தி வெக்கவா இவ்வளவு கஷ்டப்பட்டுத் தேர்ந்தெடுத்தீங்க? நெப்ராஸ்காவுல இன்னும் குளிரவே ஆரம்பிக்கலையாம். நானும் வெர்னாவும் அவ கார்ல வர்றோம். எங்களுக்குப் பேச நிறைய இருக்கு. ஹார்லன் உங்க கூட வருவார்."

வெர்னா அக்காவின் தோளில் சாய்ந்து சிரித்தாள். மார்லிஸ் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஆர்விட் பார்த்து நாளாகியிருந்தது. அதைப் பார்த்தபிறகு அவருக்குக் கோபப்படக்கூட வழியில்லை. ஏதாவது காரணம் கிடைக்காதா என்று சுற்றிலும் பார்த்தார். ஒன்றும் அகப்படாமல் டயரை ஓங்கி ஒரு உதை விட்டார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே மார்லிஸ் டார்ச்சை எடுத்தாள். புது டயர் பக்கத்தில் மண்டியிட்டு நாலு எண்ணையும் நிதானமாகப் படித்தாள்.

"இந்த வருஷம் செஞ்சது. நீங்க சொன்ன கணக்குப்படி, வருஷா வருஷம் செப்டம்பரானா நாம கண்ணை மூடிட்டுக் கிளம்பிடலாம். இன்னும் ஆறு வருஷத்துக்குக் கவலையே இல்ல."

பிக்கப்பின் முன்சீட்டில் ஹார்லன் ஏற்கெனவே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஆறு வருஷமா? அப்ப இடுப்பை நிதானமாவே ஆரம்பிக்கலாம், சகலை."