ஊட்டிப் புல்லும் உச்சி வெயிலும்

எனக்குப் புத்தி தலை வழியாக வந்ததில்லை, உள்ளங்கால் வழியாகத்தான் வந்தது. என் கால் மட்டும் வெந்திருந்தால் பரவாயில்லை. நாற்பது சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பட்டன் போன் காலம். மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் தனகோபால் மாமா, திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதி கட்டி முடித்திருந்தார். மொட்டைமாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் அப்பாவோடு வேர்க்கடலை பறித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு மாமா சொன்னார்: "மொட்டமாடி உன் பொறுப்பு மச்சான். வர்றவங்க அசந்து போவணும். கிரகப்பிரவேசம் நல்லபடியா முடிஞ்சா மேனேஜர் சீட்டு உனுக்குதான். இல்லன்னா கடலக்காட்டுக்கே திரும்பிடு."

மேனேஜருக்கென்று வரப்போகிற சுழல் நாற்காலிக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். (மேனேஜர் என்று போட்டு ஐந்நூறு விசிட்டிங் கார்டு அந்த வாரமே அடித்துவிட்டேன். நாற்காலியை மாமா அதுவரை வாங்கவே இல்லை.)

பிளாஸ்டிக் புல் என்று ஒன்று வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்துவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினேன். கடையில் பத்து தினுசுச் சுருள்கள் இருந்தன. என் கண் மட்டும் மூலையில் ஒதுக்கி வைத்திருந்த சுருளுக்குப் போனது. அடியில் கறுப்பு ரப்பர், மேலே மெத்தை மாதிரி அடர்த்தியான பச்சை.

"அது வேணாம் சார்," என்றார் கடைக்காரர். "ஊட்டி, கொடைக்கானல் மாடிங்களுக்குன்னு வந்த சரக்கு. சூட்டைப் புடிச்சு வெச்சிக்கும். குளிர்ல காலுக்கு இதமா இருக்கும்."

"எங்க ஊர்லயும் மலை இருக்குங்க," என்றேன் விறைப்பாக.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பில் போட்டார். மலையே நெருப்பு என்று கும்பிடுகிற ஊருக்கு, சூட்டைப் பிடித்து வைக்கும் புல்லைத் தேடிப் போய் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பகலில் மாடித் தரையில் கால் வைக்க முடியாது என்பதால் சாயங்காலத்தில்தான் வேலை செய்தேன். (விடை அந்த வாக்கியத்திலேயே இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.) மூன்று நாளில் பசை தடவி ஒட்டி, ஓரம் வெட்டி, பிரஷ்ஷால் புல்லை வாரிவிட்டு முடித்தேன். தினமும் விடியற்காலையில் காபி டம்ளரும் கையுமாக வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. சோதனை வெற்றி என்று மாமாவுக்கு அறிக்கை கொடுத்தேன்.

அக்காவுக்கு மட்டும் சந்தேகம். "ஏன்டா, வெயில்ல சுடாதா?"

"அக்கா, புல்லு எங்கயாவது சுடுமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

அதோடு விட்டேனா? மாடியில் சாமியானா கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். பச்சைப் புல், பின்னால் மலை, நடுவில் துணி எதற்கு? பந்தியைக் கீழேயே போடச் சொல்லிவிட்டேன்.

வைகாசி முகூர்த்தம். ஹோமம் முடியும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சாப்பிடும் முன் மாடியைக் காட்டிவிடலாம் என்று மாமா எல்லோரையும் கிளப்பினார். செருப்பெல்லாம் வாசலில் கிடந்தது. கிரகப்பிரவேசத்தன்று யார் செருப்போடு ஏறுவார்கள்? வெறும் தரையாக இருந்திருந்தால் கதவோரத்திலேயே நின்று மலையைப் பார்த்திருப்பார்கள். புல்லைக் கண்டதும் நம்பி இறங்கினார்கள். "நடுவுல போங்க, அங்கருந்துதான் மலை முழுசா தெரியும்!" என்று நான் பின்னாலிருந்து தள்ளினேன்.

முதலில் போனவர் மாமாவின் பெரியப்பா. வேங்கிக்காலில் அரசாங்க ஆபீஸையே அதட்டி நடத்தி ரிட்டயர் ஆனவர். அவர் வேகமாக நடந்துகூட யாரும் பார்த்ததில்லை. நாலு அடி வைத்தார். நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "யம்மாடியோவ்!" என்று ஒரு துள்ளு துள்ளினார் பாருங்கள், ஜரிகை வேட்டி முழங்காலுக்கு வந்துவிட்டது.

அடுத்த நிமிஷம் மாடி முழுக்க ஆட்டம். ஒரு கால் தரையில், ஒரு கால் ஆகாயத்தில். திரும்பி ஓடலாம் என்றால் படியில் இன்னும் பத்துப் பேர் முட்டிக்கொண்டு ஏறி வருகிறார்கள். ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று அத்தைகள் ஏறி, நாற்காலி காலை விரித்துவிட்டது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்கார அம்மா மட்டும் சாக்ஸ் போட்டிருந்தார். இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து, கைகூப்பியபடி பக்தியோடு கூடவே குதித்தார்.

"தண்ணி ஊத்துடா!" என்று அக்கா கத்தினாள். குழாயைத் திறந்தேன். டேங்க் தண்ணீர் அதைவிடக் கொதித்தது. கீழே ஓடினேன். சமையல்காரரும் நானுமாக நீர்மோர் அண்டாவைத் தூக்கி வந்து அப்படியே புல்லில் கவிழ்த்தோம். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மிதக்க, நாற்பது பேரும் மோருக்குள் நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். "இந்தக் காலுக்குக் கம்மியா இருக்குது, இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றார் பெரியப்பா.

மாமா கத்தவில்லை. மோரில் நின்றபடியே மெதுவாகக் கேட்டார்: "மச்சான், ஊர்ல கடலை பறிக்க ஆள் இல்லன்னு உங்கப்பா சொன்னாரே?"

வெட்கத்தில் அன்று நான் சாப்பிடவே இல்லை. சாயங்கால பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கத்தில் அக்கா வெகுநாள் மளிகைப் பட்டியல் எழுதினாள். புல்லை என்ன கழுவியும் மோர் நாற்றம் போகவில்லை. கடைசியில் பிய்த்துத் துண்டு துண்டாக வெட்டி, வீட்டுக்கு ஒன்றாக மிதியடிக்குக் கொடுத்துவிட்டார்கள். எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் என் மானத்தின் மேல் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

இப்போது ஊரில் கடலை எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். தலையில் நரை வந்துவிட்டது. என் மகள் "பரீட்சை ரொம்ப ஈஸிப்பா, நூறு வந்துடும்" என்றால், உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும்: "ஆமாமா, புல்லு எங்கயாவது சுடுமா?"

பெரியப்பா இன்னும் திடமாக இருக்கிறார். குடும்பத்தில் எந்தப் புது வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்றுவிடுவார். "அவன் எங்க? அவன் மொதல்ல கால் வெக்கட்டும்!" என்பார். நான் போய் வைப்பேன். நான் துள்ளவில்லை என்று உறுதியான பிறகுதான் அவர் படியேறுவார்.

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் இதைப் பார்த்த வீட்டுக்காரர், கண்கள் விரிய அக்காவிடம் கேட்டார்: "உங்க தம்பிக்கு அவ்ளோ கால் ராசிங்களா?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ரொம்ப ராசிங்க," என்றாள். "அவன் கால் வெச்ச எடத்துல எங்க குடும்பமே ஆடிச்சுங்க."