தனபாலின் ஆல்ரெடி

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி முதலாளி தனபாலுக்கு எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த இங்கிலீஷ் சொல் ஒன்றே ஒன்றுதான்: ஆல்ரெடி. அதை வைத்துக்கொண்டு ஜெர்மனியையே கட்டி மேய்க்கலாம் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. "வெள்ளைக்காரனுக்கே நாந்தான் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கோணும்" என்று டீக்கடையில் அளப்பார்.

துணி சாயப்பட்டறையில் ஊறிக்கொண்டிருக்கும். ஆல்ரெடி தைத்தாகிவிட்டது என்று சரக்கு வாங்கும் ஜெர்மனிக்கார பையருக்கு மெயில் போகும். தைக்க ஆரம்பித்தால் ஆல்ரெடி கப்பல் ஏறிவிட்டது என்று போகும். மனைவி சுபஸ்ரீ இங்கிலீஷில் பட்டம் வாங்கியவள். அதனால் அவளுக்கு டைப் அடிக்கும் வேலை. செண்ட் பட்டனை மட்டும் இவர்தான் அமுக்குவார். அது ஆம்பளை வேலையாம்!

அன்று பையர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். கட்டிய பெட்டிகளின் போட்டோ உடனே வராவிட்டால் ஆர்டர் ரத்து. ஆர்டர் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

"எழுது புள்ள. ஆல்ரெடி பேக் பண்ணியாச்சு, கேமராதான் ரிப்பேரு."

"ஏனுங்க, முடிஞ்ச வேலைக்குத்தானுங்க ஆல்ரெடி போடோணும். துணி இன்னும் பட்டறையில கெடக்குதுங்க."

"உன்ற காலேஜ் இங்கிலீஷ் பரீட்சைக்கு ஆகும். இது எக்ஸ்போர்ட் இங்கிலீஷு. ஆல்ரெடின்னு மொதல்ல எழுதிப்போடோணும். வேலை பின்னாலயே ஓடியாந்து சேந்துக்கும்."

"அப்படீங்களா?"

"அப்படித்தான். அடி!"

அடித்தாள். அவர் சொன்னதைவிட நீளமாகவே அடித்தாள். பெண்டாட்டி எழுதியதைப் படித்துப் பார்ப்பது முதலாளிக்கு அழகா? தனபால் திரையில் ஆல்ரெடியை மட்டும் தேடினார். இருந்தது. மீசையை நீவிக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

சாயங்காலம் பதில் வந்தது. சுபஸ்ரீ தமிழில் படித்துச் சொன்னாள்.

"துணி பட்டறையிலதான் இருக்குதுன்னு உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. ரெண்டு வாரம் டைம் தர்றேன். இனிமே மெயிலெல்லாம் உங்க சம்சாரமே எழுதட்டும்னு நீங்க சம்மதிச்சது ரொம்ப சந்தோஷம்னு போட்டிருக்காருங்க."

ஆர்டர் தப்பித்ததில் தனபாலுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே பால் திரிந்தது.

"ஏம்புள்ள, நான் எப்போ சம்மதிச்சேன்?"

"ஆல்ரெடி சம்மதிச்சாச்சுன்னு எழுதிப்போட்டனுங்க. பட்டனை நீங்கதானுங்க அமுக்குனீங்க. பின்னாலயே ஓடியாந்து சேந்துக்குவீங்கன்னு ஒரு நம்பிக்கைதானுங்க!"