பிரம்மாண்டத்துக்கு மேல் ஒரு சொல்

"ஒரு மைல் அகலம்யா! நேரா நம்ம ஊருக்குத்தான் வருது!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார் ஷெரிஃப்.

மறுமுனையில் இருந்தவன் ஊர் வானொலி அறிவிப்பாளன் டெல்பர்ட். அமெரிக்காவின் ஓக்லஹோமாக்காரனுக்குத் தரையைச் சுழற்றித் துடைத்துப் போகும் சூறாவளி புதிதல்ல. ஆனால் மைல் அகலத்தில் வந்தால் அது சூறாவளியா, சுடுகாடா? ஊரின் அபாயச் சங்கு போன வருஷமே கெட்டுப்போய், ஊர்மன்றத்தின் தயவுக்குக் காத்துக் கிடந்தது. மிச்சம் இந்தக் குட்டி வானொலி நிலையமும் அவன் தொண்டையும்தான்.

ஊர்க்கோடித் தகர வீட்டில் அவன் மனைவி வெர்னா தனியாக இருந்தாள். போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை; தங்கையோடு அரட்டை. ஆனால் அவள் சமையலறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

மைக்கைப் பிடித்தான். "மாபெரும் சூறாவளி வருது! எல்லாரும் சர்ச் நிலவறைக்கு ஓடுங்க!"

உடனே போன் அடித்தது. பக்கத்து வீட்டு ஓப்பல் அம்மாள்.

"ஏன் தம்பி, மாபெரும்னா எவ்வளவு? போன வாரம் மாபெரும் சோபா விற்பனைன்ன. போய்ப் பாத்தா மூணே சோபா!"

"அம்மா, இது சாவும்மா! வெர்னாவைக் கூட்டிக்கிட்டு ஓடுங்க!"

"நல்லாத்தான் நடிக்கற, போ."

தப்பு அவன்மேல்தான். டயரிலிருந்து ஊறுகாய் வரைக்கும் எல்லாவற்றையும் இதே தொண்டையில்தான் மாபெரும் ஆக்கியிருந்தான். இருக்கிற சொல்லையெல்லாம் அள்ளி வீசினான்.

"பிரம்மாண்டம்! ராட்சசச் சூறாவளி! பூதாகரமா வருது!"

இந்தத் தடவை சோபாக் கடை கிளெட்டஸ்.

"அண்ணே, ஓசியில விளம்பரமா! நீ நல்லா இருப்ப. கூட்டம் வரும்னு கதவைத் திறந்து வெச்சு வாசல்லயே நிக்கறேன்."

"அடப்பாவி, விளம்பரம் இல்லடா, ஓடுடா!"

"ஆகா! அதே குரல்ல இன்னொரு தடவை சொல்லுண்ணே!"

டெல்பர்ட் அழுதே விட்டான். மைக்கிலேயே தேம்பினான். யாரோ ஒருவர் கூப்பிட்டு, மெத்தைக் கடையின் மூடுவிழா விற்பனை விளம்பரத்திலும் இப்படித்தான் அழுதாய் என்று ஞாபகப்படுத்தினார்.

சரி, சின்னதாகச் சொல்லிப் பார்ப்போம் என்று மூச்சை அடக்கிக்கொண்டான். "சூறாவளி வருது. தயவுசெஞ்சு போயிடுங்க."

"அப்போ சின்னதுதான் போல" என்றது அடுத்த போன். "வாசல்ல நாற்காலி போட்டுப் பாக்கறோம்."

ஜன்னலுக்கு வெளியே மேற்கு வானம் முழுக்க இருட்டிவிட்டது. இனி அவனிடம் சொல் இல்லை. ஹெட்போனை வீசிவிட்டு, வெர்னாவைக் கூட்டிவர லாரியில் பாய்ந்தான்.

பாதி வழியில் காற்று வண்டியைப் புரட்டப் பார்த்தது. இறங்கிச் சாலையோரப் பள்ளத்தில் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டான். அது அவனைத் தாண்டிப் போக வெகுநேரம் ஆனது.

எழுந்து ஓடினான். சோபாக் கடை இருந்த இடத்தில் சிமென்ட் தரைதான் இருந்தது. சாலைக்கு அந்தப்பக்கம் கிளெட்டஸ் கிடந்தான். மூச்சு இல்லை. ஊர்க்கோடியில் தகர வீட்டு வரிசையே இல்லை. அவன் வீட்டில் மிஞ்சியது மூன்று படிக்கட்டு.

"வெர்னா!" தொண்டை கிழியக் கத்தினான். பைத்தியம் பிடித்தவன்போல் சர்ச்சுக்கு ஓடி நிலவறைக் கதவை இழுத்தான்.

தகர வீட்டு வரிசை ஜனம் முழுக்க உள்ளே இருந்தது. வெர்னா ஓடிவந்து கட்டிக்கொண்டு, அவன் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். அவனும் அழுதான். கிளெட்டஸைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அழுகை ஓய்ந்ததும், பாழாய்ப்போன தொழில்புத்தி லேசாகத் தலைதூக்கியது.

"கடைசியில எந்தச் சொல்லும்மா உங்களை ஓட வெச்சது? ராட்சசனா, பூதாகரமா?"

"ராட்சசனாவது, பூதமாவது! அதெல்லாம் சோபான்னுதான் நெனச்சோம்" என்றாள் ஓப்பல் அம்மாள். "திடீர்னு ரேடியோ ஊமையாச்சு. உயிர் இருக்கற வரைக்கும் நீ வாயை மூடமாட்டியே. போய்ச் சேந்துட்டன்னு நெனச்சுத்தான்யா உன் பொண்டாட்டியையும் இழுத்துக்கிட்டு ஓடிவந்தோம்!"