அக்காவின் நேர்முகக் கடிதத்தில் நான் போட்ட கோடுகள்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று முதலில் நம்பியவன் நான்தான். என்னை நம்பியதால் என் வீட்டாரும் நம்பினார்கள். மாட்டிக்கொண்டது அவர்கள்.

அப்போது நான் அரியலூரில் பி.ஏ. இங்கிலீஷ் முதல் வருஷம். ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்தால் போதும், எழுவாய் தனி, வினை தனி, செயப்படுபொருள் தனி என்று உரித்து வைத்துவிடுவேன். ராமன் மாம்பழம் தின்றான் என்று இங்கிலீஷில் இருந்தால் ராமன் தலைக்கு மேல் ‘எஸ்’, தின்றதன் மேல் ‘வி’, மாம்பழத்தின் மேல் ‘ஓ’. யார் வீட்டு மாம்பழம், ஏன் தின்றான் என்பதெல்லாம் என் இலாகா இல்லை. (அந்த ராமனே எதிரில் வந்து இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் ஓடியிருப்பேன்.) தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் வேறு எடுத்தேன். அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா.

எங்கள் முந்திரிக்காட்டின் அடியில் சுண்ணாம்புக்கல் இருந்தது. ஒரு சிமெண்ட் ஆலை அதைக் கேட்டது, அப்பா கொடுத்தார். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்பது பேச்சு. அக்கா செல்வராணி பி.எஸ்சி. வேதியியல் முடித்திருந்தாள். ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைக்கும் என்ற ஒரே தைரியத்தில்தான் அப்பா கையெழுத்துப் போட்டார். மரங்களை வெட்டி ஒரு வருஷம் கழித்து, நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. முழுக்க இங்கிலீஷ்.

அக்கா அதை ஒருமுறை படித்துவிட்டு மடிக்கப் போனாள்.

“குடு இங்க. மேலோட்டமா படிச்சா எப்படி? பிரிச்சுப் பாக்கணும்” என்றேன்.

“எனக்கே புரியுதுடா. வியாழக்கெழம பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

“அது அர்த்தம். நான் சொல்றது இலக்கணம்.”

(இந்தப் பதிலை இன்று நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.)

அப்பா, “படிச்ச புள்ள சொல்றான், குடேன்” என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். கூட்டம் கூடியதும் எனக்குக் கை பரபரத்தது. கோடு போடாமல் வாக்கியத்தைப் பிரித்து எனக்குப் பழக்கமே இல்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

முதல் வாக்கியம், ‘தாங்கள் அழைக்கப்படுகிறீர்கள்’ என்ற மாதிரி. எஸ் போட்டேன், வி போட்டேன், ஓவைத் தேடினேன். “செயப்பாட்டு வினைப்பா. கூப்பிட்டவன் யாருன்னே இதுல இல்ல” என்று அறிவித்தேன்.

அப்பா பயந்துவிட்டார். “கம்பெனிக்காரன்தானேடா?”

“இருக்கலாம். வாக்கியத்துல இல்ல.”

இரண்டாவதும் மூன்றாவதும் சான்றிதழ்களையும் இந்தக் கடிதத்தையும் அசலாகக் கொண்டுவரச் சொன்னவை. ஆளுக்கு ஒரு வட்டம் போட்டு அனுப்பினேன். நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. ‘டு நாட் ரைட் எனிதிங் ஆன் திஸ் லெட்டர்.’ கட்டளை வாக்கியம். எழுவாய் ஒளிந்துகொண்டிருந்தது. விடுவேனா? ‘யூ’ என்று சிவப்பில் எழுதி வாக்கியத்தின் முன்னால் உட்கார வைத்தேன். எழுதாதே என்ற வினைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தேன். எல்லாரும் ‘அடேயப்பா’ என்றார்கள். அக்கா மட்டும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அய்யோ, என்னடா பண்ணி வச்சிருக்க” என்றாள்.

அழிரப்பரால் தேய்த்தாள். சிவப்பு போகவில்லை, தாள்தான் தேய்ந்தது. “ஆபீஸர் பாத்தா சந்தோஷப்படுவாருக்கா. படிச்ச குடும்பம்னு தெரியும்ல” என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன். அதுதான் இன்னும் கேவலம்.

வியாழக்கிழமை துணைக்கு நானும் போனேன். ஆலை ஆபீசில் ஒரு கண்ணாடிக்காரர் கடிதத்தை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

“என்னம்மா இது, பரீட்சை பேப்பரா? எத்தன மார்க்கு?”

“தம்பி தெரியாம எழுதிட்டான் சார்.”

“எதையும் எழுதக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கே. அதுக்கு அடியில கோடு வேற போட்டிருக்கான். தம்பிக்கு இங்கிலீஷ் தெரியாதா?”

அக்கா என்னைப் பார்த்தாள். “பி.ஏ. இங்கிலீஷ் சார்” என்றாள்.

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. கடிதத்தில் கைவைத்து ஆள்மாறாட்டம் செய்தவர்கள் முன்பே இருந்தார்களாம். திருத்தல் இருந்தால் உள்ளே விடக் கூடாது என்பது உத்தரவாம். சென்னை ஆபீசுக்கு எழுதி வேறு கடிதம் வாங்கி வரச் சொன்னார். நான் முன்னால் போய், “சார், அர்த்தத்த நான் மாத்தவே இல்ல சார்” என்றேன். “அத மொதல்ல புரிஞ்சிருக்கணும்” என்றார். எழுதிப் போட்டோம். பதில் வருவதற்குள் பட்டியலில் அடுத்த பெயருக்கு வேலை போய்விட்டது. அந்தப் பதிலும் இங்கிலீஷில்தான் இருந்தது. யாரும் என்னிடம் காட்டவில்லை. அக்காவே படித்துச் சொன்னாள்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது கேட்டார்: “கூப்பிட்டவன் பேரு அதுல இல்லன்னியே. வேணாம்னு சொன்னவன் பேரு இதுல இருக்கா?” கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்கா எடுத்துப் பார்த்தாள். அந்தக் கடிதத்திலும் இல்லை.

முந்திரிக்காடு இருந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளம், மழை பெய்தால் பச்சைத் தண்ணீர். அக்காவைப் பூலாம்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். வேதியியல் பட்டதாரி மக்காச்சோளத்துக்குப் பூச்சிமருந்து கலக்குகிறாள். நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். எஸ், வி, ஓதான் எனக்குச் சோறு போடுகிறது. அக்காவின் சோற்றில் மண்ணை அள்ளிப்போட்ட அதே சிவப்புப் பேனாவுக்கு எனக்கு மாதச் சம்பளம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அக்கா வீட்டுக்கு இங்கிலீஷில் எது வந்தாலும், அவளுக்கே புரியும் என்றாலும், இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். ஆனால் ஒரு நிபந்தனை. வாசலிலேயே மச்சான் என் பையைத் தடவி, “பேனா இருக்கா மாப்ள? குடுத்துட்டு உள்ள போங்க” என்பார். இந்த வருஷம் அக்கா மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கடிதம் வந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

“கையப் பின்னால கட்டு. கண்ணால மட்டும் படி.”

தலை நரைத்த நான் கையைக் கட்டிக்கொண்டு தேதி, நேரம், கொண்டுபோக வேண்டியவை என்று அர்த்தத்தை மட்டும் ஒழுங்காகச் சொன்னேன். “எழுவாய் எங்க மாமா?” என்றாள் மருமகள். வீடே சிரித்தது. அக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். படித்து முடித்தபின் சும்மா வாங்கிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், கடிதத்தை மட்டும் கொடுக்கவில்லை.