அர்விட் கேட்காத கியர்

வெர்னா கதவைத் திறந்தபோது அர்விட் ஸ்லெட்டன் இரண்டு கையிலும் சூடான கண்ணாடிப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நின்றார். வாயில் ஒரே ஒரு வார்த்தை தயாராக இருந்தது. கியர். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தார்.

"வாங்க அர்விட்," என்றாள் வெர்னா.

"காத்து கொஞ்சம் பலமா இருக்கு," என்றார் அர்விட்.

போச்சு! காற்றில் தொடங்கினால் மழைக்குப் போக வேண்டும், மழையிலிருந்து சோளத்துக்கு, சோளத்திலிருந்து யாருடைய முழங்கால் எவ்வளவு வலிக்கிறது என்பதற்கு. மினசோட்டாவில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதுதான் பாதை. நடுவில் எங்கேயும் கியரை நுழைக்க இடம் கிடையாது.

விஷயம் இதுதான். அர்விட்டிடம் ஒரு பிரெய்ரி பிரின்ஸ் இருந்தது. 1958-இல் செய்த தோட்ட டிராக்டர். ஆள் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வரும், அவ்வளவு சின்ன வண்டி. அதைச் செய்த கம்பெனி நாலே வருஷத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. ஏப்ரல் கடைசியில் உருளைக்கிழங்குப் பாத்தியை உழும்போது, கியர் பெட்டிக்குள் இருந்த வெண்கலப் பல்சக்கரம் நாலு பல்லைத் துப்பிவிட்டது. போன வருஷப் பரேடிலேயே அது முனகத்தான் செய்தது. யார் காதிலும் விழவில்லை என்று அர்விட் நினைத்துக்கொண்டிருந்தார்.

அயோவாவுக்கும் நெப்ராஸ்காவுக்கும் கடிதம் போட்டார். கணினியெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. ஒரே ஒருத்தர் பதில் போட்டார், "கிடைத்தால் எனக்கும் ஒன்று அனுப்பவும்" என்று. பழைய டிராக்டர் சந்தை மூன்றில் அலைந்து, குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம். பட்டறைக்காரர் புதிதாக வெட்டித் தருகிறேன் என்றார். செப்டம்பரில்.

செப்டம்பரில் கிடைத்து என்ன பிரயோஜனம்? ஜூலை நாலாம் தேதி பரேடில், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் வண்டியை முதலில் இழுத்துக்கொண்டு போவது அர்விட்டின் பிரின்ஸ்தான். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். கல்யாணம் காட்சி என்று எதையும் பார்க்காத மனிதர். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தெருவே அவரைப் பார்த்துக் கையாட்டும். இந்த வருஷம் வண்டி ஓடாவிட்டால், எங்கள் ஊர் பெர்னர்டின் புத்தம்புதுப் புல்வெட்டி வண்டிக்கு அந்த இடம் போய்விடும். கோப்பை வைக்க அதில் தனிக் குழி இருக்கிறதாம். அதை நினைத்தாலே அர்விட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரும்புக் கடை கிளாரன்ஸ்தான் வழி சொன்னார். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள்.

"டேய், மில்டன் ஷெட்டுக்குள்ள ரெண்டு பிரின்ஸ் நிக்குதே, மறந்துட்டியா?"

"மில்டன் போய்ச் சேந்துட்டானேடா."

"அதனாலதான் சொல்றேன். செத்த வீட்டுல ஒரு வருஷத்துக்கு டிராக்டர் பேச்சு எடுக்கக் கூடாது. இப்ப ஒன்றரை வருஷம் ஆச்சு. போய் வெர்னாகிட்ட கேளு."

"எப்படிடா கேக்கறது?"

"கைய வீசிக்கிட்டுப் போயி, செத்த புருஷனோட கியரக் குடுன்னு கேட்றாத. ஹாட்டிஷ் ஒண்ணு பண்ணி எடுத்துக்கிட்டுப் போ."

அர்விட் சூப் டப்பாவின் மேல் அச்சடித்திருந்த குறிப்பைப் பார்த்து, நூடுல்ஸையும் டியூனா மீனையும் சூப்பையும் கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி அடுப்பில் வேகவைத்தார். எங்கள் ஊரில் ஹாட்டிஷ் என்றால் அதுதான். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி 'ஸ்லெட்டன்' என்று பேர் எழுதினார். அந்தப் பாத்திரத்தோடுதான் வெர்னாவின் சமையலறையில் இப்போது உட்கார்ந்திருக்கிறார்.

"காப்பி?"

"வேண்டாங்க."

"கொஞ்சம்?"

"பரவாயில்லைங்க."

"அரைக் கோப்பை?"

"சரி, நீங்க சொல்றதால."

முதல் தடவையே சரி என்று சொல்கிறவனை எங்கள் ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டோம். மூன்றாம் தடவை நீட்டினால்தான் கை நீளும். மூன்று கோப்பை காப்பி ஆயிற்று. மழை, சோளம், முழங்கால் மூன்றும் ஆயிற்று. கியர் அப்படியே தொண்டையில் நின்றது. எழுந்துவிட்டார்.

"உங்க பாத்திரத்த இன்னும் கழுவலையே," என்றாள் வெர்னா. "இத எடுத்துட்டுப் போங்க." தன்னுடைய தகரத் தட்டு நிறைய, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக்கை அவர் கையில் வைத்துவிட்டாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அடுத்த புதன்கிழமை அந்தத் தட்டில் பீன்ஸை நிரப்பிக்கொண்டு போனார். டப்பா பீன்ஸ்தான், தக்காளி சாஸை மட்டும் சொந்தக் கையால் ஊற்றினார். வெர்னா ஒரு பீங்கான் கிண்ணம் நிறைய உருளைக்கிழங்கு சாலட்டைக் கொடுத்து அனுப்பினாள்.

"என் கண்ணாடிப் பாத்திரம்..."

"ஊறப் போட்டிருக்கேன்."

மூன்றாம் புதன்கிழமை அர்விட் சாமர்த்தியமாக ஆரம்பித்தார்.

"மில்டனோட ஷெட்டுக் கூரை எப்படி இருக்கு? ஒழுகுதா?" எப்படியும் பார்க்கலாம் வாங்க என்று ஷெட்டைத் திறப்பாள் என்று கணக்கு.

"நல்லவேளை கேட்டீங்க," என்றாள் வெர்னா. "ஏணி அந்தப் பக்கம் சாத்தியிருக்கு பாருங்க."

ஷெட் பூட்டிக் கிடந்தது. ஜன்னலில் உள்ளிருந்து பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அர்விட் இரண்டு புதன்கிழமை கூரை மேலேயே கிடந்தார். ஒரு தகடு நெகிழ்ந்து, உள்ளே கண்ணை வைக்கப் போன நேரம் பார்த்து, கீழேயிருந்து வெர்னாவின் குரல் வந்தது. "அர்விட், காப்பி ஆறுது!" ஆணி அடித்து மூடிவிட்டு இறங்கினார்.

கூரை மேல் ஏறிய ஆளை ஊர் பார்க்காமல் இருக்குமா?

"என்னடா, கூரையெல்லாம் போட்டுக் குடுக்கற," என்றார் கிளாரன்ஸ். "பால்காரன்ல இருந்து போஸ்ட்மேன் வரைக்கும் உன் பேச்சுதான்."

"அட, நான் கியருக்காகப் போறேன்டா!"

"அத வெளிய சொல்லாத. விதவைகிட்ட நூடுல்ஸக் காட்டி கியரப் பிடுங்க வந்தான்னு பேசுவானுங்க. அதுக்கு இதுவே மேல்."

ஊர் வாயை அடைக்க அர்விட் ஒரு வழி கண்டுபிடித்தார். முன்பக்கம் போனால்தானே பேசுகிறார்கள்? அடுத்த புதன்கிழமை சந்து வழியாக, கிண்ணத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, குனிந்தபடியே போய்ப் பின்கதவைத் தட்டினார். பாதிரியார் மனைவி அடுத்த வீட்டுக் கொல்லையில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மூடியில்லாத கிண்ணம். கோட்டு முழுக்கப் பட்டாணி.

"காலை வணக்கம் அர்விட்," என்றார் அந்த அம்மாள், துணி கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாதிரியார் அவர் தோளில் கையைப் போட்டார்.

"செப்டம்பர்ல சர்ச் ஹால் காலியாத்தான் இருக்கு. சும்மா காதுல போட்டு வைக்கறேன்."

பட்டறைக்காரரும் செப்டம்பர், பாதிரியாரும் செப்டம்பர். அர்விட்டுக்குத் தலை சுற்றியது.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் அவருக்கே தன் மேல் ஒரு சந்தேகம் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மாலையே சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார். கியருக்கு எதற்கு இஸ்திரி போட்ட சட்டை? வெர்னா சிரித்தால் சமையலறையே கலகலவென்று ஆகிவிடும். அவருடைய முழங்கால் வலியை இதுவரை யாரும் இரண்டாம் தடவை விசாரித்தது கிடையாது, அவள் விசாரித்தாள். வீட்டுக்குத் திரும்பி ஒற்றைத் தட்டை ஒற்றைக் கரண்டியோடு கழுவி வைக்கும்போது, அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறதே என்று பட்டது. அதை நினைத்ததும் தன்மேலேயே கோபம் வந்தது. நான் போனது எதற்கு, அவள் நினைத்துக்கொண்டிருப்பது என்ன? இது மோசடி அல்லாமல் வேறென்ன?

பரேடுக்கு இரண்டே நாள். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். வேலைச் சட்டையெல்லாம் கிரீஸ். மிச்சமிருந்தது மில்டனின் அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டு. அதை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோட்டைப் பார்த்ததும் வெர்னா ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள்.

"வெர்னா, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

"கேளுங்க," என்று உட்கார்ந்தாள். முகத்தில் எதையோ அடக்கி வைத்திருப்பதுபோல் இருந்தது.

அர்விட் அந்த முகத்தைப் பார்த்தார். கியர் என்று இப்போது சொன்னால், இத்தனை புதன்கிழமையும் இதற்குத்தானா என்று ஆகிவிடும். அந்த முகம் வாடிவிட்டால் பரேடு இருந்து என்ன, இல்லாமல் என்ன? வாயைத் திறந்தார். உள்ளே இருந்தது தானாக வெளியே வந்தது.

"பரேடு அன்னிக்கு, பிள்ளைங்க வண்டியில முன்னாடி ஒரு பெஞ்சு இருக்கு. நீங்க வந்து உக்காருவீங்களா?"

வெர்னாவின் கண் மினுங்கியது.

"வர்றேன்," என்றாள். முதல் தடவையிலேயே! எங்கள் ஊரில் இது நடந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. "வண்டி ஓடுதுல்ல?"

"ஓ, ஜம்முனு ஓடுது," என்றார் அர்விட். பாவி மனுஷன்.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணுமில்லைங்க."

"நிஜமாவா? எதுவுமே வேணாமா?"

"எதுவும் வேணாங்க."

மூன்றாம் தடவை கேட்பாள், அப்போது சொல்லிவிடலாம் என்று அர்விட் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார். வெர்னா கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் அலமாரி திறக்கிற சத்தமும் தாள் கசங்குகிற சத்தமும் வந்தன. திரும்பி வந்தவள் கையில் அவருடைய கண்ணாடிப் பாத்திரம், மேலே அலுமினியத் தாள் இறுக்கிச் சுற்றி.

"இந்தாங்க உங்க பாத்திரம். ஒருவழியா ஊறிடுச்சு. வீட்டுக்குப் போனதும் பிரிச்சுப் பாருங்க."

கை இறங்குகிற கனம். இந்தத் தடவை ருபார்ப் கேக் சரியாக வேகவில்லை போலிருக்கிறது, பாவம், சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு எங்கே போவது? கியர் இல்லாமல் பெஞ்சில் உட்காரவைத்து, வண்டியைத் தானே தோளில் கட்டி இழுப்பதா? பாத்திரத்தைப் பிக்கப் வண்டியின் சீட்டில் வைத்துவிட்டு, நாற்பது மைல் தெற்கே இருக்கிற டெல்மரின் பழைய இரும்புக் கிடங்குக்கு ஓட்டினார். இதுவரை அங்கே போகவில்லை. பிரின்ஸ் வைத்திருக்கிறவன் எவனும் அதை உருக்கப் போட மாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை.

"பிரெய்ரி பிரின்ஸ் கியரா?" டெல்மர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "நேரங்கெட்ட நேரத்துல வர்றீங்களே அண்ணே. போன நவம்பர்ல ரெண்டு வண்டி முழுசா வந்துச்சு. உருக்கவும் அனுப்பியாச்சு."

"ரெண்டா? யாரு போட்டா?"

"அத மட்டும் கேக்காதீங்க. முக்கியமா உங்க ஊர்க்காரங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி, ஒரு தட்டு கேக்கும் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

அர்விட் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்தது. நாளை மறுநாள் வெர்னா தொப்பி வைத்துக்கொண்டு வந்து நிற்பாள், அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். பெர்னர்ட், கோப்பை வைத்த குழியோடு முன்னால் போவான்.

டெல்மரின் கண் சீட்டுக்குப் போயிருந்தது. சாப்பாட்டு விஷயத்தில் அவர் மூன்று தடவை வரைக்கும் காத்திருக்கிற ஜாதி இல்லை.

"ஹாட்டிஷா அண்ணே? ஒரு வாய் பாக்கலாமா?" என்று கேட்டபடியே அலுமினியத் தாளை உரித்துவிட்டார்.

உள்ளே மெழுகுத்தாள் விரித்து, நடுவில் ஒரு வெண்கலப் பல்சக்கரம் இருந்தது. ஒரு பல் குறையவில்லை. துடைத்து, எண்ணெய் போட்டு, வெயிலில் பளபளவென்று மின்னியது.

டெல்மர் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"அட, இத நான்தானே கழட்டிக் குடுத்தேன்! 'ரெண்டு வண்டியையும் நீயே எடுத்துக்க டெல்மர், இந்தக் கியர் மட்டும் எனக்கு வேணும், பரேடுல அர்விட் வண்டி முனகுனத நான் கேட்டேன், இதுக்காகவாவது அந்த மனுஷன் என் வீட்டுப் படி ஏறி வரட்டும்'னு வெர்னா அக்கா போன நவம்பர்லயே வாங்கிட்டுப் போச்சே!"