நடுத்தர எடைக்கு வந்த சோதனை

தராசுகளுக்கு முத்திரை குத்தும் அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு பெட்டியும் ஓர் உத்தரவும் வந்தன. ஊழியர்களின் மதிநுட்பத்தை வளர்ப்பது இப்போது நாகரிகமாம். பெட்டிக்குள் இருக்கும் பலகை ஆட்டத்தை ஆடிப் பார்த்து, முதல் அபிப்பிராயத்தை மாலைக்குள் சமர்ப்பிக்க வேண்டும்.

அந்தப் பொறுப்பு அலுவலக எழுத்தர் தலையில் விழுந்தது. மனுஷன் மறுக்கவில்லை. பெண்டாட்டி பிள்ளை வேறு ஊரில். அவருடைய இடமாற்ற மனு இரண்டு வருஷமாக அதிகாரி மேஜையில் கிடக்கிறது. அறிக்கை நல்லபடியாகப் போனால் கையெழுத்துப் போடுவதாக அதிகாரி வாய்விட்டே சொல்லியிருந்தார்.

பெட்டியின் மேல், 'விறுவிறுப்பானது, நடுத்தர எடை கொண்டது' என்று போட்டிருந்தது. எடை என்று கண்ட பிறகு இந்த அலுவலகம் சும்மா இருக்குமா? உடனே தராசில் ஏற்றினார்கள். ஒன்றே கால் கிலோ. நடுத்தரம் என்பதற்கு எந்த விதியிலும் அளவு இல்லாததால் பெட்டியைப் பறிமுதல் செய்யலாமா என்று மதியம் வரை விவாதித்தார்கள். எழுத்தர் குறுக்கே புகுந்தார்.

"சார், இது பெட்டியோட எடை இல்ல. ஆட்டம் மூளைக்கு எவ்வளவு பாரம்னு சொல்றாங்க."

அதிகாரி யோசித்தார். "அப்போ யார் மூளையில வெச்சு நிறுக்கிறது?"

யாரும் முன்வரவில்லை.

ஒருவழியாக எழுத்தருக்கும் அதிகாரிக்கும் ஆட்டம் ஆரம்பித்தது. ஒரு முறைக்கு அரை நிமிஷம்தான். அதற்குள் காயை நகர்த்தாவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். எழுத்தர் பதவிசாக ஒரு காயை நகர்த்தினார். அதிகாரியோ, எழுத்துமூல அனுமதி இல்லாமல் தாம் எதையும் நகர்த்தியதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டார். அவர் முறை வந்தது, போனது, வந்தது, போனது. எழுத்தர் தோற்றுப்போகப் படாத பாடு பட்டார். காயைக் குழியில் தள்ளினார், கோட்டையைத் திறந்து வைத்தார். அசையாத மனுஷனிடம் எப்படித்தான் தோற்பது? இருபதே நிமிஷத்தில், பாவம், ஜெயித்துத் தொலைத்தார்.

உண்மையை எழுதினால் மனு குப்பைக்குத்தான் போகும். ஆகவே, 'ஆட்டம் மிக விறுவிறுப்பு. காயை நகர்த்துவோருக்கு இழப்பு நேர வாய்ப்புண்டு. கடைசிவரை அசையாதிருந்த அதிகாரி அவர்களே யாதொரு சேதமுமின்றி மகத்தான வெற்றி பெற்றார்கள்' என்று எழுதி அனுப்பினார்.

மேலிடம் பூரித்துப் போனது. ஒரே வாரத்தில் எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை பறந்தது: அசையாமையே வெற்றி. அதிகாரிக்குக் கேடயம் கிடைத்தது. கவுண்டர்களில் வரிசை நகரவில்லை. மக்களும் தாங்கள் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நம்பிப் பொறுமையாக நின்றார்கள்.

எழுத்தர் மனுவை நினைவுபடுத்தப் போனார். அதிகாரி அதைத் தேடி எடுத்து, தூசி தட்டி, சொன்ன சொல் தவறாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கையெழுத்துக்கு மேலே 'நிராகரிக்கப்பட்டது' என்றிருந்தது.

"ஏன் சார்?"

அதிகாரி பாசத்தோடு பார்த்தார். "நீங்களும் ஜெயிக்க வேண்டாமா?"